வர்க்கம் என்பது வருமானத்தின் மறுபெயரா? முதலாண்டுப் பாடத்தில் ஓர் ஐயம்

முதலாண்டு

சமூகவியல் அறிமுகப் பாடத்தில் அடுக்கமைவு பற்றிய அலகைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாடநூல் ஓரிடத்தில் வருமானத்தை வைத்து மேல்தட்டு, நடுத்தட்டு, அடித்தட்டு என்று மூன்றாகப் பிரிக்கிறது. இரண்டு பக்கம் தள்ளி, உற்பத்திச் சாதனங்கள் யாருக்குச் சொந்தம் என்பதுதான் வர்க்கத்தைத் தீர்மானிக்கிறது என்று மார்க்ஸின் பெயரால் சொல்கிறது. அதற்கு அடுத்து மாக்ஸ் வெபர் வந்து வர்க்கம், அந்தஸ்து, கட்சி என்று வேறு மூன்றைச் சொல்கிறார். இவை எல்லாம் ஒரே பொருளைப் பற்றியவையா, வேறு வேறு பொருள்களைப் பற்றியவையா என்று நூல் எங்கும் சொல்லவில்லை.

எங்களுக்குத் தரப்பட்ட பயிற்சிக் கேள்வி இது. ஒருவர் கடனில் ஒரு லாரி வாங்கி, தவணை கட்டிக்கொண்டு, அதைத் தானே ஓட்டிப் பிழைக்கிறார். இன்னொருவர் வங்கி அதிகாரி. லாரிக்காரரின் கைக்கு மிஞ்சுவதைப் போல மூன்று மடங்கு சம்பளம் வாங்குகிறார். இவர்கள் எந்தெந்த வர்க்கம்? வருமானப்படி பார்த்தால் அதிகாரி மேலே இருக்கிறார். உடைமைப்படி பார்த்தால் லாரிக்காரர் உடைமையாளர், அதிகாரியோ சம்பளத்துக்கு உழைப்பவர். எதை எழுதினாலும் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் படுகிறது. ஏற்றத்தாழ்வு, அடுக்கமைவு, வர்க்கம் ஆகிய மூன்றையும் எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வது என்று யாரேனும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நெய்தல்

நல்ல பயிற்சிக் கேள்வி. பாதி பாதியாகப் படுவதற்குக் காரணம், பாடநூல் மூன்று கேள்விகளுக்கான விடைகளை ஒரே தலைப்பின் கீழ் அடுக்கிவிட்டதுதான்.

யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது ஏற்றத்தாழ்வு பற்றிய கேள்வி. ஒரே தெருவில் இருவருக்கு வருமானம் வேறுபட்டாலே அங்கே ஏற்றத்தாழ்வு உண்டு. அந்த வேறுபாடு தனிமனிதர்களோடு போய்விடாமல், குழுக்களுக்கிடையே நிலைத்து, தலைமுறை தாண்டிக் கைமாறி, நியாயமானது என்று நம்பவைக்கும் கருத்துகளோடும் சேர்ந்து ஒரு ஒழுங்காக இறுகும்போதுதான் அது அடுக்கமைவு ஆகிறது. அடிமைமுறை, புரட்சிக்கு முந்தைய பிரான்சின் மூன்று பிரிவுகள் (குருமார், பிரபுக்கள், மற்ற மக்கள்), சாதி, வர்க்கம் ஆகியவை அத்தகைய ஒழுங்கின் வெவ்வேறு வடிவங்கள். சாதியை வெறும் வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்தியவர்களுக்கு அம்பேத்கர் 1936-இல் தந்த பதில் இங்கே நினைவுகூரத் தக்கது: அது வேலையைப் பிரிப்பது மட்டுமன்று, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்றார் அவர். அடுக்கமைவை வெறும் வேறுபாட்டிலிருந்து பிரித்துக் காட்ட இதைவிடச் சுருக்கமான கூற்றை நான் கண்டதில்லை.

இனி வர்க்கம். இங்கே இரு வேறு பார்வைகள் உண்டு. முதலாவது படிநிலைப் பார்வை. அது வர்க்கத்தை ஓர் ஏணியாகக் காண்கிறது. ஏணியின் மேல்படியில் நிற்பவருக்கும் கீழ்ப்படியில் நிற்பவருக்கும் இடையில் தூரம் இருக்கிறதே தவிர, ஒருவர் மற்றவரை என்ன செய்கிறார் என்பது அந்தப் படத்தில் இல்லை. மற்றது உறவுநிலைப் பார்வை. ஒருவர் மற்றவரின் உழைப்பை வாங்குகிறாரா, அவருக்கு ஆணையிடுகிறாரா, கடன் கொடுத்து வட்டி வாங்குகிறாரா என்று அது கேட்கிறது. மார்க்ஸும் வெபரும் எவ்வளவு முரண்பட்டாலும் இருவருமே இந்த இரண்டாம் அணியைச் சேர்ந்தவர்கள். மேல், நடு, கீழ் என்ற பிரிவு முதல் அணியுடையது.

மார்க்ஸ் வர்க்கத்துக்கு ஒரு முழுமையான வரையறை தரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கெல்ஸ் 1894-இல் பதிப்பித்த 'மூலதனம்' மூன்றாம் தொகுதியின் கடைசி அத்தியாயம் வர்க்கங்களைப் பற்றியது. ஆனால் அது ஓரிரு பக்கங்களிலேயே அறுந்து நின்றுவிடுகிறது. அறுவதற்கு முன் அவர் எழுப்பும் கேள்வி உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் வைத்து வர்க்கத்தைப் பிரித்தால் மருத்துவர்களும் அரசு அலுவலர்களும்கூடத் தனித்தனி வர்க்கங்கள் ஆகிவிடுவார்களே, அதற்கு முடிவு ஏது என்று கேட்கிறார்.

புள்ளி

நெய்தல் அவர்கள் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ஏற்றத்தாழ்வை அளப்பதும் அவ்வளவு எளிதன்று என்பதை ஒரு கணக்கால் காட்ட விரும்புகிறேன்.

கினி குறியெண் எல்லோருக்கும் தெரிந்ததே: அனைவருக்கும் சமமாக இருந்தால் 0, எல்லாமே ஒருவரிடம் இருந்தால் 1. நூறு பேர் உள்ள இரு சமூகங்களைக் கற்பனை செய்யுங்கள். இரண்டிலும் மொத்த வருமானம் நூறு பங்கு. முதல் சமூகத்தில் ஐம்பது பேருக்கு ஒன்றுமே இல்லை. மீதி ஐம்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு பங்கு. இரண்டாவதில் எழுபத்தைந்து பேர் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கும், இருபத்தைந்து பேர் ஆளுக்கு மூன்று பங்கும் பெறுகிறார்கள். கணக்கிட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் கினி 0.5 என்றே வரும். முதலாவதில் பாதிப் பேர் பட்டினி. இரண்டாவதில் எல்லோரும் ஏதோ உண்கிறார்கள், ஆனால் கால்வாசிப் பேர் முக்கால்வாசியை வைத்திருக்கிறார்கள். எண் ஒன்று, சமூகம் இரண்டு.

அந்தக் கால்வாசிப் பேர் யார், மற்றவர்களோடு அவர்களுக்கு என்ன தொடர்பு என்பதைக் குறியெண் சொல்லாது. வருமானக் கினியை மட்டும் பார்ப்பவர்களுக்குச் சொத்தும் தெரியாது. பெரும்பாலான நாடுகளில் சொத்து வருமானத்தைவிட மிகக் குறைந்த கைகளில் குவிந்திருப்பதால் இந்த விடுபடல் சிறியதன்று.

தறி

எங்கள் வகுப்பில் இந்த அலகைத் தொடங்கும்போதெல்லாம் டைட்டானிக் கப்பலைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். 1912 ஏப்ரலில் அது மூழ்கியபோது முதல் வகுப்புப் பயணிகளில் சுமார் 62 விழுக்காட்டினர் பிழைத்தனர். இரண்டாம் வகுப்பில் சுமார் 41, மூன்றாம் வகுப்பில் சுமார் 25. வர்க்கம் என்பது உயிர்வாழும் வாய்ப்பையே தீர்மானிக்கிறது என்று சொல்லி ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

அங்கே நின்று இன்னும் சற்றுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆண்களை மட்டும் தனியே எடுத்தால், இரண்டாம் வகுப்பில் பிழைத்தவர்கள் சுமார் 8 விழுக்காடு, மூன்றாம் வகுப்பில் சுமார் 16. பெண்களையும் குழந்தைகளையும் முதலில் ஏற்ற வேண்டும் என்ற நெறியை இரண்டாம் வகுப்பு ஆண்கள் மிகக் கடுமையாகக் கடைப்பிடித்தார்கள் என்பது ஒரு விளக்கம். எப்படியாயினும் ஏணி அங்கே தலைகீழாகிறது. பெண் என்பதும் ஆண் என்பதும் குறுக்கே வந்தவுடன் வகுப்பு தனித்து வேலை செய்வதில்லை.

அதைவிட முக்கியமானது, அந்த மூன்று வரி அட்டவணையில் இடமே பெறாதவர்கள். கப்பலில் ஏறத்தாழ தொள்ளாயிரம் பணியாளர்கள் இருந்தார்கள். அவர்களிலும் பிழைத்தவர்கள் கால்வாசிக்குச் சற்றுக் குறைவே. அவர்கள் பயணச்சீட்டு வாங்கியவர்கள் அல்லர். எனவே எந்தப் படியிலும் அவர்களை நிறுத்த முடியாது. அவர்கள் அந்தக் கப்பலில் எங்கே நின்றார்கள் என்பதை முடிவு செய்தது அவர்களுடைய வேலை. கடைசிவரை மின்சாரம் அணையாமல் பார்த்துக்கொண்ட இயந்திரப் பொறியாளர்களில் ஒருவரும் மீளவில்லை. விலை கொடுத்து வாங்கிய இடத்துக்கும் உழைப்பதால் கிடைத்த இடத்துக்கும் உள்ள இந்த வேறுபாடுதான், நெய்தல் அவர்கள் சொன்ன இரு பார்வைகளுக்கும் இடையிலான வேறுபாடு.

மறுதரப்பு

எல்லோரும் ஒரே திசையில் பேசுகிறீர்கள்; பாடத்திட்டத்தில் செயல்பாட்டுவாதமும் இருக்கிறது. கிங்ஸ்லி டேவிஸ், வில்பர்ட் மூர் இருவரும் 1945-இல் எழுதிய கட்டுரையின் வாதத்தை நேர்மையாக எடுத்துவைக்கிறேன். எந்தச் சமூகத்திலும் சில பொறுப்புகள் மற்றவற்றைவிட முக்கியமானவை. அவற்றில் சிலவற்றுக்கு அரிய திறமையோ நீண்ட பயிற்சியோ தேவை. அப்படிப்பட்ட இடங்களுக்குக் கூடுதல் ஊதியமும் மதிப்பும் இல்லாவிட்டால், தகுதியுள்ளவர்கள் இளமைக்காலத்தைச் செலவழித்துப் பயிற்சி பெற முன்வர மாட்டார்கள். ஆகவே ஏற்றத்தாழ்வு என்பது யாரும் திட்டமிட்டுச் செய்த சதியன்று. சமூகம் தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் வழி. அறுவைச் சிகிச்சை நிபுணருக்கும் அந்தக் கூடத்தைத் துடைப்பவருக்கும் ஒரே ஊதியம் என்றால் முதலாவது வேலைக்கு யார் பத்தாண்டுகள் படிப்பார்கள்?

நெய்தல்

வாதத்தைச் சரியாகவே வைத்தீர்கள். அவர்கள் பதவிகளுக்கிடையிலான வேறுபாட்டைத்தான் பேசினார்கள், எந்தத் தனிமனிதர் எந்தப் பதவிக்குப் போகிறார் என்பதைப் பேசவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் அவர்களுக்கு முழு நியாயம் செய்ததாகும்.

ஆனால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 1953-இல் மெல்வின் டியூமின் எழுதிய மறுப்பின் சாரம் இது. ஒரு வேலை எவ்வளவு முக்கியம் என்பதை ஊதியத்தைச் சாராமல் அளக்க வழி உண்டா? கூடத்தைத் துடைக்காவிட்டால் நோய்த்தொற்று பரவி அறுவைச் சிகிச்சையே நின்றுபோகும். முக்கியம் என்பதற்கு ஊதியத்தையே சான்றாகக் காட்டி, ஊதியத்துக்கு முக்கியத்துவத்தைக் காரணமாகக் காட்டினால் வாதம் வட்டமடிக்கிறது. அடுத்து, பயிற்சிக் காலத்தின் தியாகம் என்கிறார்களே, அதன் செலவைப் பெரும்பாலும் ஏற்பவர்கள் பெற்றோர். அதை ஏற்க முடிகிற பெற்றோர் ஏற்கெனவே மேலே இருப்பவர்கள்.

மூன்றாவது புள்ளிதான் எனக்கு மிக வலுவானதாகப் படுகிறது. அடுக்கமைவு இறுக இறுக, கீழே பிறந்த குழந்தையிடம் என்ன திறமை இருக்கிறது என்று கண்டறியும் வாய்ப்பே சமூகத்துக்கு இல்லாமல் போகிறது. திறமையைத் தேடிப் பிடிப்பதற்காக இருப்பதாகச் சொல்லப்படும் ஏற்பாடு, அந்தத் தேடலையே முடக்குகிறது. பரம்பரைச் சொத்துக்கு டேவிஸ், மூர் கோட்பாட்டில் செயல்பாட்டு விளக்கம் ஏதும் கிடையாது என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

மறுதரப்பு

முடங்கிவிட்டது என்றால் மக்கள் எப்படி மேலேறுகிறார்கள்? தொழில்வளர்ச்சி கண்ட எந்த நாட்டை எடுத்தாலும், தொழிலாளியின் பிள்ளைகள் அலுவலகங்களுக்கும் உயர்கல்விக்கும் போன எண்ணிக்கை இருபதாம் நூற்றாண்டில் பெருகியிருக்கிறது. பிறப்பு இனிமேல் விதியன்று என்பதற்கு இது போதாதா?

புள்ளி

பெருகியது உண்மை. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் தானாகப் பின்தொடர்வதில்லை. மன்னிக்கவும், மீண்டும் ஒரு கணக்கு.

ஒரு தலைமுறையில் உயர்பணியாளர்களின் பிள்ளைகள் நூறு பேர். அவர்களில் 60 பேர் உயர்பணிக்குப் போகிறார்கள், 40 பேர் கீழே இறங்குகிறார்கள். தொழிலாளர்களின் பிள்ளைகள் நூறு பேரில் 20 பேர் மேலே போகிறார்கள், 80 பேர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். அடுத்த தலைமுறையில் அலுவலக வேலைகள் பெருகுகின்றன. இப்போது முதல் நூறு பேரில் 80 பேருக்கும், இரண்டாம் நூறு பேரில் 40 பேருக்கும் உயர்பணி கிடைக்கிறது. தொழிலாளர் வீடுகளிலிருந்து மேலேறியவர்கள் இரட்டிப்பாகிவிட்டார்கள். அவர்களுக்கு இது உண்மையான முன்னேற்றம்தான், யாரும் மறுக்க வேண்டியதில்லை.

இனி இரு தரப்பின் வாய்ப்புகளை ஒப்பிடுவோம். முன்பு 60-க்கு 40, அதாவது 1.5; மறுபக்கம் 20-க்கு 80, அதாவது 0.25. முதலாவது இரண்டாவதைப் போல ஆறு மடங்கு. பின்பு 80-க்கு 20, அதாவது 4. மறுபக்கம் 40-க்கு 60, அதாவது மூன்றில் இரண்டு. மீண்டும் அதே ஆறு மடங்கு. மேலே இடங்கள் கூடியதால் எல்லோரும் நகர்ந்தார்கள். ஒருவரோடொருவர் போட்டியிடும்போது பிறப்பு தந்த முன்னிலை இம்மியும் குறையவில்லை. இடங்கள் கூடியதால் எல்லோரும் நகர்ந்தது முழுமை நகர்வு, போட்டியில் யாருக்கு எவ்வளவு முன்னிலை என்பது ஒப்பீட்டு நகர்வு. ராபர்ட் எரிக்சனும் ஜான் கோல்ட்தோர்ப்பும் 1992-இல் வெளியிட்ட பன்னாட்டு ஒப்பாய்வு, முழுமை நகர்வு காலத்துக்குக் காலம் ஏறி இறங்கினாலும் ஒப்பீட்டு நகர்வு பெரும்பாலும் நிலையாகவே இருந்தது என்று கண்டது. அரசியல் மேடைகளில் பேசப்படுவது எப்போதும் முதலாவது மட்டும்தான். அதற்கான காரணத்தை ஊகிப்பது கடினமன்று.

தறி

இந்த முன்னிலை எந்த வழியாகக் கைமாறுகிறது என்ற கேள்விக்குப் பியர் பூர்தியூ தந்த விடை பண்பாட்டு மூலதனம். பள்ளி எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்துகிறது. ஆனால் பள்ளி மதிக்கும் பேச்சு, தயங்காமல் கேள்வி கேட்கும் துணிவு, அதிகாரத்தில் இருப்பவரிடம் விலக்குக் கேட்டுப் பெறும் பழக்கம் ஆகியவற்றைச் சில குழந்தைகள் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். அவற்றைப் பள்ளி கற்பிப்பதில்லை, ஆனால் மதிப்பெண் மட்டும் போடுகிறது. கொண்டுவராத குழந்தை, தனக்கு அறிவு போதவில்லை என்று தானே முடிவு கட்டிவிடுகிறது.

முதலாண்டு

எல்லோருக்கும் நன்றி. மறுதரப்பு அவர்களின் கேள்விகள் இல்லாவிட்டால் பாதி விளக்கம் கிடைத்திருக்காது. இப்போது என் விடையை இப்படித் தொடங்கலாமா? லாரிக்காரர் தன் உற்பத்திச் சாதனத்தைத் தானே வைத்து, வேறு யாரையும் கூலிக்கு அமர்த்தாமல் உழைப்பதால், மார்க்ஸ் வழியில் அவர் குட்டி முதலாளி. அதிகாரி சம்பளத்துக்கு உழைத்தாலும் தனக்குக் கீழே பலருக்கு ஆணையிடுவதால் அவரைத் தொழிலாளி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அவரை எங்கே வைப்பது?

நெய்தல்

உங்கள் தயக்கம் சரியானது. எரிக் ஒலின் ரைட் அத்தகையவர்களுக்காகவே முரண்பட்ட வர்க்க இடம் என்ற கருத்தை உருவாக்கினார். மேலாளர் உடைமையாளருக்குக் கீழ்ப்பட்டவர், ஊழியருக்கு மேற்பட்டவர். ஒரே நேரத்தில் இரு பக்கத்து நலன்களும் அவரிடம் மோதுகின்றன. கோல்ட்தோர்ப் வேறு வழியில் போகிறார். மணிக்கணக்கில் மேற்பார்வையிடக்கூடிய வேலைக்கு மணிக்கூலி போதும். மேற்பார்வையிட முடியாத, தனியறிவு வேண்டிய வேலையைச் செய்பவரை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதால் மாதச் சம்பளம், ஆண்டு உயர்வு, ஓய்வூதியம், பதவி உயர்வு பற்றிய எதிர்பார்ப்பு ஆகியவற்றைக் கொடுத்து நிறுவனம் அவரைத் தன்னோடு கட்டிவைக்கிறது. பிரிட்டன் 2001 முதல் பயன்படுத்திவரும் அரசு வர்க்கப் பகுப்பு இந்த அடிப்படையில் எழுந்ததே. அதில் வருமானம் நேரடியாக இடம்பெறவே இல்லை.

படிநிலைப் பார்வையால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளன்று. பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பற்றி 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், கடைநிலையில் இருந்த ஆண்களின் இறப்பு விகிதம் உயர்நிலை அலுவலர்களுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அவர்களில் யாரும் வேலையற்றவர் அல்லர், பரம ஏழையும் அல்லர். ஆயினும் ஒவ்வொரு படி இறங்கும்போதும் உடல்நலம் ஒரு படி இறங்கியது. புகைப்பழக்கம் போன்றவை அதில் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின. படிகளை எண்ணாமல் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. காரணத்தைத் தேடியபோதோ, 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு சுட்டியவற்றுள் முக்கியமானது, தன் வேலையைத் தானே நடத்தும் உரிமை ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பது. அது ஓர் அலுவலகத்துக்குள் யார் யாருக்குக் கீழ் என்ற உறவு.

உங்கள் விடையில் நான் எதிர்பார்க்கும் பத்தி ஒன்று இன்னும் வரவில்லை. கேள்வியில் இருவரையும் அக்கம்பக்கமாக நிறுத்தி அளந்துவிட்டீர்கள். அவர்கள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். லாரி கடனில் வாங்கியது. கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடுவது அந்த அதிகாரியாகவே இருக்கலாம். வர்க்கப் போராட்டம் வரலாற்றில் கூலியைப் பற்றியதாக மட்டும் இருந்ததில்லை என்று வெபர் எழுதினார். பண்டைக்காலத்தில் அது கடன்பட்ட உழவருக்கும் கடன் கொடுத்த நகரத்தாருக்கும் இடையில்தான் முதலில் எழுந்தது என்பது அவர் கருத்து. அப்படிப் பார்த்தால் லாரிக்காரர் ஏட்டளவில் உடைமையாளர், சந்தையில் கடனாளி. இரண்டு தவணை தவறினால் உடைமையும் போய்விடும். எதிரே இருக்கும் அதிகாரிக்கு அந்தக் கடனைத் தரவும் மறுக்கவும் அதிகாரம் உண்டு, ஆனால் அந்தப் பணத்தில் ஒரு காசுகூட அவருடையதன்று.

மறுதரப்பு

கடைசியாக ஒன்று. இருவருக்கும் குடும்பம் இருக்கும். லாரிக்காரரின் மனைவி சரக்குப் பதிவு, கணக்கு, தவணைத் தேதி எல்லாவற்றையும் வீட்டிலிருந்தபடி பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்த வர்க்கம்?

தறி

இந்தக் கேள்வியை எழுபதுகளிலேயே பெண்ணியச் சமூகவியலாளர்கள் எழுப்பிவிட்டார்கள். ஜோன் அக்கரின் 1973-ஆம் ஆண்டுக் கட்டுரை அதில் குறிப்பிடத்தக்கது. வர்க்கத்தின் அலகு குடும்பமே, அதன் இடத்தைப் பெரும்பாலும் கணவனின் வேலையே முடிவு செய்கிறது என்ற பழைய நிலைப்பாட்டைக் கோல்ட்தோர்ப் 1983-இல் ஆதரித்து எழுதினார். கணவன் மனைவி இருவரில் யாருடைய வேலை உயர்ந்த இடத்தில் இருக்கிறதோ அதைக் குடும்பத்தின் இடமாகக் கொள்ளலாம் என்று எரிக்சன் அடுத்த ஆண்டு ஒரு மாற்று சொன்னார். நீங்கள் சொல்லும் பெண்ணுக்கு இரண்டுமே உதவாது. அவர் செய்வது வேலை என்றே அந்தப் பட்டியல்களில் ஏறாது.

தொழில் புள்ளிவிவரங்களில் அவருக்கு ஓர் இடம் உண்டு: ஊதியமின்றி உதவும் குடும்பத் தொழிலாளர். வருமானம் கேட்டால் சுழியம். உடைமை கேட்டால் லாரி கணவர் பெயரில். ஆணையிடுவது யாருக்கும் இல்லை. ஆனால் அவர் ஒரு மாதம் கணக்கைப் பார்க்காமல் விட்டால் தவணை தவறும், லாரி கைவிட்டுப் போகும். முதலாண்டு தோழி அல்லது தோழர், பயிற்சிக்கு வரம்பு அனுமதித்தால் இவரையும் மூன்றாம் நபராகச் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தொழிலின் வருவாயில் இவருடைய உழைப்பு எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று கேட்டுத் தொடங்கினால், குட்டி முதலாளி யாரையும் கூலிக்கு வைப்பதில்லை என்ற வாக்கியத்தையே நீங்கள் திருத்த வேண்டியிருக்கும்.